காத்துப் புகாத கராஜ்

இருங்கோ தங்கச்சி, கராஜ் எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. என்ர மனுசனும் அவற்ற தம்பியும் இப்ப அதுக்குள்ள இருந்து காட்ஸ் விளையாடுகினம். ஒரு ஆட்டம் முடியட்டும், பிறகு போய் ஆறுதலாப் பாப்பம். நீங்கள் வந்ததே அவைக்குத் தெரியாது. அந்தக் கதவைச் சாத்தினா இஞ்ச குசினியில அண்டா விழுந்தாலும் அங்க கேக்காது. அப்பிடி அடைச்சிருக்கு.

உங்கட வீட்டிலயும் கராஜுக்கு மேல இருக்கிற அறை குளிருது எண்டு கோயில்ல சொன்னீங்கள். குளிரும். எட்மன்ரனில கராஜ் ஒட்டின வீடு வாங்கினா மேலறை குளிராமல் என்ன செய்யும். எங்கட வீட்டில அந்த அறையைத்தான் இவற்ற தம்பிக்குக் குடுத்தனான். குளிர் தாங்காமல் கெதியாப் போயிடுவார் எண்டு நினைச்சுக் குடுத்ததில்லை. அந்த அறைதான் வெறுமையாக் கிடந்தது. மகள் கல்கரிக்குப் போனதோட அவளின்ர அறையும் வெறுமைதான். ஆனா அதுக்குள்ள என்ர தையல் மெசின் இருக்கு.

இவற்ற தம்பியின்ர பேர் பஞ்சலிங்கம். அறுபத்திநாலு வயசு. ரொறன்ரோவில இருந்தவர். மனுசி செத்து மூண்டு வருசம், ஒரே மகள் கலியாணம் முடிச்சு லண்டனுக்குப் போட்டாள். போன ஒக்ரோபரில ஒரு சூட்கேசோட வந்து, ரெண்டு கிழமை நிண்டிட்டுப் போறன் மச்சாள் எண்டார். ரெண்டு கிழமை ரெண்டு மாசமாச்சு. காலமை எழும்புவார், கோப்பி குடிப்பார், ஜன்னலுக்கால பனியைப் பாப்பார். மத்தியானம் சாப்பிடுவார், திரும்பவும் பனியைப் பாப்பார். எங்கட பக்கத்தில வேலைக்கு உடம்பு வளையாத ஆளைப் பஞ்சி பிடிச்ச ஆள் எண்டுதானே சொல்லுறது. நான் மனசுக்குள்ள அந்தாளுக்குப் பஞ்சிலிங்கம் எண்டு பேர் வைச்சிட்டன். வாயால சொன்னதில்லை. முகத்துக்கு நேர ஒரு சொல் சொல்லியிருப்பனோ எண்டு இவரைக் கேட்டுப் பாருங்கோ. நான் அப்பிடி ஆள் இல்லை.

ஆனா எனக்கு ஒரு விசயம் மட்டும் விளங்கவே இல்லை. வீட்டுக்குள்ள சோபா இருக்கு, ரி.வி இருக்கு, நல்ல சூடு இருக்கு. அதை விட்டிட்டு அண்ணனும் தம்பியும் குளிர்க்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கராஜுக்குள்ள நிக்கிற வான் வண்டிக்குப் பக்கத்தில ரெண்டு மடக்குக் கதிரையில போய் இருப்பினம். ஒரு சின்ன ஹீற்றர். அது கால் பெருவிரலைத்தான் சூடாக்கும். கதைக்கேக்க வாயால புகை பறக்கும். ஏன் அங்க போய் நடுங்குறியள், இஞ்ச நானும் இருக்கிறன்தானே, மூண்டு பேருமா இருந்து கதைப்பம் எண்டு எத்தினை தரம் கூப்பிட்டிருப்பன். ஓமோம், வாறம் எண்டுவினம். வராயினம். இண்டைக்கும் எனக்கு அதுக்குக் காரணம் தெரியாது.

இப்ப இந்தச் சிங்குக்குக் கீழ பாருங்கோ, கதவு இருக்கல்லோ. அதுக்குப் பின்னால இருக்கிறது கராஜ் சுவர். கராஜுக்குள்ள வான் கழுவவெண்டு ஒரு தண்ணிக் குழாய் இதுக்குள்ள இருந்துதான் சுவரைத் துளைச்சுக்கொண்டு போகுது. குழாய் என்ர பெருவிரல் மொத்தம்தான். வீடு கட்டினவன் அதுக்கு வெட்டின ஓட்டை என்ர கை போற அளவு. கதவைத் திறந்தா குளிர் முகத்தில அடிக்கும். சத்தமும் வரும்.

நான் ஒட்டுக் கேக்கிற ஆள் இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன். ஆனா சிங்குக்குக் கீழ துப்புரவா இருக்க வேணும். ஈரம் நிண்டா பூஞ்சணம் பிடிக்கும். அதால பின்னேரம் மூண்டு மணிக்கு ஒருக்கா துடைப்பன். இரவுச் சாப்பாட்டுக்கு முதல் ஒருக்கா துடைப்பன். முழங்கால் நோகுமெண்டு ஒரு சின்னத் தலகாணி வைச்சிருக்கிறன், இந்தா இதுதான். அப்பிடித் துடைச்சுக்கொண்டிருக்கேக்க அங்க கதைக்கிறது காதில விழும். காதைப் பொத்திக்கொண்டு துடைக்க ஏலுமே? துடைக்க ரெண்டு கையும் வேணும்.

பெரிய கதை ஒண்டுமில்லை. ஊரில ஆடின பந்தடி, ஆரின்ரையோ கிணத்துக்க விழுந்த மாடு. ஆனா இடைக்கிடை உதவுற விசயமும் வரும். இவருக்கு முழங்கால் பிடிச்சிருக்கு, எனக்குச் சொல்லாமல் தம்பிக்குச் சொல்லுவார். நான் இரவு எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுபோய், காலை நீட்டுங்கோ எண்டு நிப்பன். சம்பலில உப்புக் கூட எண்டுவார். அடுத்த நாள் குறைச்சுப் போடுவன். வங்கியில இருந்து வந்த கடிதத்தை எங்கயோ வைச்சிட்டுத் தேடுறன் எண்டுவார். நான் எடுத்துக்கொண்டுபோய் மேசையில வைப்பன். இவர் என்னைப் பாத்து முழிப்பார். எனக்கு ஏதோ சக்தி இருக்கெண்டு மனுசன் பயந்துபோய்த் திரிஞ்சவர். முப்பத்தெட்டு வருசம் ஒண்டா இருந்தா ஒருத்தரின்ர மனசு மற்றாளுக்குத் தெரியாதோ எண்டுவன் நான்.

இனி இந்த ஜனவரிக்கு வாறன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கிழமை மைனஸ் முப்பத்திநாலு. ஒரு காலமை பஞ்சலிங்கத்துக்குத் தேங்காய்ப்பால் வேணுமாம், சொதி குடிக்க ஆசையாம். இவர் கடைக்குப் போகவெண்டு கராஜுக்குள்ளயே வானை ஸ்ராட் பண்ணிச் சூடாக விட்டிட்டு, சப்பாத்து எடுக்க உள்ளுக்கு வந்தவர். கராஜின்ர பெரிய கதவு பாதி திறந்துதான் இருந்தது. வந்த இடத்தில டெலிபோன், அதில கதை. நான் மேல உடுப்பு மடிச்சுக்கொண்டு நிண்டனான். தலை இடிக்குது, ஒரு மாதிரிச் சத்தி வாற மாதிரி இருக்கு. குளிராக்கும் எண்டு இருந்தன். அப்பதான் நடையில இருந்த அலாரம் அலறத் தொடங்கினது.

பஞ்சலிங்கம் ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு படியால இறக்கினார். கோட்டுப் போடக்கூட விடேல்ல, வீட்டுச் செருப்போட பனிக்குள்ள நிக்கிறன். தீயணைப்புக்காரர் வந்து ஒரு மீற்றரைப் பிடிச்சுக்கொண்டு வீடு முழுக்க நடந்தினம். வான் புகையில மணமில்லாத வாயு ஒண்டு இருக்காம், அதைப் பிடிச்சுத்தான் அலாரம் அடிச்சதாம். ஆள் படுத்தபடியே போயிடுமாம். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளுக்கு வானை ஸ்ராட் பண்ணிவிடக் கூடாதாம். வந்ததில பெரியவர் ஒராள் இந்தக் கதவைத் திறந்து, குழாய் ஓட்டையில கையை வைச்சுப் பாத்தார். இந்தா இதுக்கால வந்திருக்கு, கராஜுக்குப் போற கதவுக்குக் கீழாலயும் வந்திருக்கு, உடன அடையுங்கோ எண்டிட்டுப் போனார். நான் அண்டைக்கு உண்மையாப் பயந்து போனன். இன்னும் பத்து நிமிசம் மேல நிண்டிருந்தா இண்டைக்கு உங்களுக்கு ஆர் தேத்தண்ணி ஊத்தித் தாறது?

பயத்தில பிரான்சில இருக்கிற என்ர தங்கச்சி ரஞ்சிக்கு எடுத்தன். இதிலதான் நிண்டு கதைச்சனான். ஜன்னல் கதவெல்லாம் திறந்து விட்டிருக்கு, சிங்குக்குக் கீழ கதவையும் அந்தப் பெரியவர் திறந்தபடி விட்டிட்டுப் போட்டார். அவை ரெண்டுபேரும் கராஜுக்குள்ள என்னவோ உருட்டிக்கொண்டு நிண்டவை. நான் ரஞ்சிக்கு மனசில கிடந்ததெல்லாத்தையும் கொட்டினன். ரெண்டு கிழமை எண்டு வந்த மனுசன் நாலு மாசமா என்ர கழுத்தில தொங்குது, அந்தாளுக்குச் சொதி குடிக்க ஆசை வந்தபடியால நான் சாகப் பாத்தன், எப்பதான் இந்தப் பாரம் இறங்குமோ எண்டு. கொஞ்சம் உரக்கத்தான் சொல்லியிருப்பன். பிரான்சுக்கல்லோ, லைன் கிளியர் இல்லை.

அடுத்த நாள் காலமை பஞ்சலிங்கம் கோப்பி குடிக்க வரேல்ல. என்னெண்டு பாத்தா, ஒரு அளவு நாடாவோட கராஜுக்குள்ள ஏணியில நிக்கிறார். மச்சாள், இதை நான் செய்து தாறன், ஆக்களைப் பிடிக்க வேண்டாம், நானே செய்து முடிக்கிறன் எண்டார். எனக்குச் சிரிப்பு. அந்தாளுக்கும் பயம் பிடிச்சிட்டுதாக்கும் எண்டு நினைச்சன்.

பிறகு பாத்தாத் தெரியுது, மனுசன் ரொறன்ரோவில இருபத்தியொரு வருசம் வீட்டுச் சுவருக்குள்ள குளிர் தாங்குற பஞ்சு வைக்கிற வேலைதான் செய்தவராம். நாலு மாசம் என்ர கையால சாப்பிட்ட ஆள், என்ன வேலை செய்தவர் எண்டு ஒரு நாள் சொல்லேல்ல, பாருங்கோ. சில ஆக்கள் அப்பிடித்தான், வாய் திறவாயினம்.

உங்களுக்கு இதுதான் வேணும், வடிவாக் கேளுங்கோ. எல்லாரும் முதல்ல பஞ்சைக் கொண்டுவந்து சுவருக்குள்ள அடையினம். அது பிழையாம். முதல்ல காத்துப் போற வழியளை அடைக்க வேணுமாம். ஓட்டையளை விட்டிட்டுப் பஞ்சு வைக்கிறது, கோட்டைப் போட்டிட்டுப் பட்டன் பூட்டாமல் பனிக்குள்ள நடக்கிற மாதிரியாம். நாலு நாள் ஓட்டை தேடினார். சுவர் நிலத்தில குந்துற இடம், கராஜ் முகட்டுக்கு மேல எங்கட அறை நிலம் வந்து முட்டுற இடம், லைட் சுவிச்சுப் பெட்டியளுக்குப் பின்பக்கம், வயர் போற துளையள். வெடிப்புக்குப் பசை, பெரிய துளைக்கு ஊதினா வீங்கிற ஃபோம். வீட்டுப்பக்கச் சுவருக்கு மட்டும் நெருப்புத் தாங்குற பசை வேற. என்ர சாமியறையில இருந்து ஊதுபத்தி ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போட்டார். பத்தியைக் கொளுத்திச் சுவரோரம் பிடிச்சுக்கொண்டு நடக்கிறது. புகை நேர மேல போனாச் சரி. வளைஞ்சு ஒரு பக்கம் ஓடினா அதில ஓட்டை. கராஜுக்குள்ள மல்லிகைப்பூ மணம், திருவிழா மாதிரி.

பிறகு கதவு. வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில இருக்கிற கதவுக்குச் சுத்திவர ரப்பர் பட்டி, கீழ ஒரு துடைப்பம் மாதிரி ஒண்டு, தானாச் சாத்துற பிணைச்சல். பெரிய கதவின்ர அடிக்கும் புது ரப்பர், உள்பக்கம் முழுக்க தடிச்ச ஃபோம் பலகை. அதுக்குப் பிறகுதான் பஞ்சு. பஞ்சலிங்கத்தின்ர கையில பஞ்சு எண்டு நான் பகிடி விட்டன், அந்தாள் சிரிச்சார். சுவருக்கும் முகட்டுக்கும் பஞ்சு, அதுக்கு மேல பிளாஸ்ரிக் விரிப்பு. விரிப்புச் சூட்டுப் பக்கம் வரவேணும், மறந்திடாதேங்கோ, பிழையா வைச்சா உள்ளுக்குத் தண்ணி வேர்த்துப் பஞ்சு நனைஞ்சு போம். அதுக்கு மேல ஜிப்சம் பலகை. முகட்டில கரண்டில ஓடுற நல்ல ஹீற்றர் ஒண்டு தூக்கினார். இவர் ஏணி பிடிச்சார். அறுபத்தொன்பது வயசு மனுசன், விசில் அடிச்சுக்கொண்டு ஏணி பிடிச்சார்.

அந்த நாளில பஞ்சலிங்கம் சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டார். சொதி வைச்சாலும் வேண்டாம் எண்டிடுவார். தன்ர கோப்பையைத் தானே கழுவி வைப்பார். எனக்கு முகம் பாத்துக் கதைக்கிறதும் குறைவு. வேலை செய்யிற ஆக்களுக்குப் பசி குறையுமாக்கும் எண்டு நான் விட்டிட்டன்.

அப்பிடியே இந்தக் குழாய் ஓட்டையையும் அடைச்சார். கராஜ் பக்கமும் அடைச்சு, குசினிப் பக்கமும் அடைச்சு, வழிச்சு, கல்லு மாதிரி ஆக்கிவிட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்குத் துடைக்கக் குந்தினன். ஒரு சத்தமில்லை. பிறிட்ஜ் ஓடுற சத்தம் மட்டும்தான். எனக்கு ஒரு மாதிரிப் போட்டுது. ஆள் இல்லாத வீட்டில இருக்கிற மாதிரி. மேல போனா நிலம் சூடா இருக்கு, கராஜ் சூடா இருக்கு, அவை இப்ப கோட்டுப் போடாமல் சேட்டோட இருக்கினம், காலமையில இருந்து பொழுதுபடும் வரைக்கும் அங்கதான். நான் இஞ்ச தனிய. இவர் சாப்பிட வந்து இருந்தா, என்ன கதைச்சனீங்கள் எண்டு கேப்பன். ஒண்டுமில்லை எண்டுவார். நாலு நாள் இவருக்கு என்ன நோகுது, எது பிடிக்கேல்ல எண்டு ஒண்டும் தெரியாமல் சமைச்சன். என்ர சக்தி போட்டுது எண்டு மனுசனுக்குச் சந்தோசம் வந்தாலும் வந்திருக்கும்.

அஞ்சாம் நாள் என்ர கம்பளி பின்னுற ஊசியை எடுத்தன். ஏன் சிரிக்கிறியள்? ஃபோம் சரியாக் காய்ஞ்சிருக்கோ எண்டு ஆராவது பாக்கத்தானே வேணும். குழாயோரமாக் குத்தினன். மெதுவாப் போச்சுது. பிறகு பெரிய ஊசியால குத்தினன். கடைசியில அந்தப் பக்கம் துளைச்சுக்கொண்டு போட்டுது. சின்ன ஓட்டை, சத்தம் சரியா வரேல்ல. பேத்தி வந்து நிக்கேக்க பபிள் ரீ குடிச்ச தடிச்ச குழலொண்டு லாச்சிக்குள்ள கிடந்தது, ரோஸ் நிறம். அதைச் செருகினன். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. சவர்க்காரப் போத்தலை முன்னுக்கு வைச்சா ஆருக்கும் தெரியாது.

முதல் நாள் அதுக்கால வந்த கதை என்ன தெரியுமோ?

பஞ்சலிங்கம் சொல்லுறார், இன்னும் ரெண்டு நாள் வேலைதான் இருக்கு அண்ணை, முடிச்சிட்டு நான் வெளிக்கிடுறன் எண்டு. எங்க போகப் போறாய் எண்டு இவர் கேக்கிறார். எங்கயாவது ஒரு அறை எடுக்கிறன் எண்டுறார் அந்தாள். "மச்சாளுக்கு நான் பாரம் அண்ணை. அவ சொன்னது சரிதான்."

பாரம் எண்ட சொல்லை நான் ரஞ்சிக்கு மட்டும்தான் சொன்னனான். பிரான்சில இருந்துகொண்டு அவள்தான் இந்தாளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேணும், வேற எப்பிடித் தெரியும்? கூடப்பிறந்தவளை நம்ப ஏலாமல் போச்சே எண்டு ஒரு கிழமை அவளோட நான் கதைக்கேல்ல. அவள் எடுத்து எடுத்துப் பாத்தாள், நான் தூக்கேல்ல.

அதோட முடியேல்ல. பிறகு இவர் சொன்னார், நீ போனா நான் ஆரோட கதைக்கிறது எண்டு. மச்சாளோட கதை அண்ணை, அவ நல்ல மனுசி எண்டார் பஞ்சலிங்கம்.

"அவவோட என்னத்தைக் கதைக்கிறது. அவவுக்கு எல்லாம் முதலே தெரியும்."

பகிடியாச் சொல்லேல்ல தங்கச்சி. களைச்சுப்போன ஆள் மூச்சு விடுற மாதிரிச் சொன்னார். நான் அந்தத் தலகாணியில கனநேரம் முழங்கால்ல நிண்டன். அடுப்பில கறி அடிப்பிடிச்சுப் போச்சு. முப்பத்தெட்டு வருசத்தில அடிப்பிடிச்ச முதல் கறி அது. அண்டைக்குச் சாப்பிடேக்க இவர் முகத்தைப் பாத்தன். என்னவாவது கேப்பமெண்டு வாயைத் திறந்தன். என்ன கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்ல. மறுமொழி தெரிஞ்ச கேள்வியளைத்தான் நான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறன். சரி, அதை விடுங்கோ, உங்களுக்கு எதுக்கு அது. இன்னொரு வடை எடுங்கோ.

அடுத்த நாள் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு நானே கராஜுக்குள்ள போனன். பஞ்சலிங்கம், இந்த மூலையில புகை வளையுது, பாருங்கோ எண்டன். அந்தாள் வந்து பாத்தார், கொஞ்சம் பசை போட்டார். அதுக்கடுத்த நாள் மேலறை ஜன்னலடியில குளிருது எண்டன். பிறகு நடையில. பிறகு மகளின்ர அறையில. ஆள் போகக் கூடாதெண்டு செய்தனெண்டு நினைச்சிடாதேங்கோ. தொட்ட வேலையைச் சரியா முடிக்காமல் விட எனக்குப் பிடிக்காது. மகளின்ர அறையில வேலை செய்யேக்க தையல் மெசின் இடைஞ்சலா இருந்தது, அதைக் கீழ கொண்டுவந்திட்டன். அறை வெறுமையாப் போச்சு, கட்டிலும் கிடக்கு, நீங்கள் இதிலயே படுங்கோவன் எண்டு சொன்னன். அந்தாள் என்னை ஒரு பார்வை பாத்தார். ஓம் மச்சாள் எண்டார். அண்டைக்குச் சொதி வைச்சன். மூண்டு தரம் ஊத்திக் குடிச்சார்.

இப்படியே ரெண்டு கிழமை போச்சு. ஒரு நாள் கடைசியா ஒருக்காச் சோதிக்க வேணும் எண்டு வந்தார். ஜன்னலெல்லாம் சாத்தி, குசினி விசிறி, குளியலறை விசிறி எல்லாத்தையும் ஓட விட்டார். அப்பிடி விட்டா வீடு காத்தை உறிஞ்சுமாம், ஓட்டை எங்க இருக்கோ அதுக்கால காத்து உள்ளுக்கு வந்து புகையைத் தள்ளுமாம். பத்தியைப் பிடிச்சுக்கொண்டு கதவடியால தொடங்கி, சுவரோரமா வந்து வந்து, இந்தச் சிங்கடிக்கு வந்திட்டார்.

நான் முன்னால நிண்டுகொண்டு, இதுக்குள்ள பாக்கத் தேவையில்லை, இது நான் தினமும் துடைக்கிற இடம் எண்டன். ஒரு நிமிசம் மச்சாள் எண்டு குனிஞ்சு கதவைத் திறந்தார். சவர்க்காரப் போத்தலைத் தள்ளி வைச்சார். பத்தியைக் கிட்டக் கொண்டுபோனார். புகை அப்பிடியே திரும்பி அவற்ற முகத்தில அடிச்சுது. மனுசன் அந்த ரோஸ் குழலை எவ்வளவு நேரம் பாத்தாரெண்டு நினைக்கிறியள்? பத்தி அரைவாசி எரிஞ்சு சாம்பல் விழுந்திட்டுது. பிறகு கீழ கிடந்த என்ர தலகாணியைப் பாத்தார்.

எழும்பி, பத்தியை நூத்து, "இஞ்ச எல்லாம் சரியா இருக்கு, மச்சாள்" எண்டார்.

எனக்குப் போன உயிர் வந்தது. நல்ல காலம், அந்தாள் அண்டைக்குக் கண்ணாடி போடேல்ல. கிட்டக் கிடக்கிறது ஒண்டும் தெரியாது அவருக்கு.

அதுக்குப் பிறகுதான் ஆளுக்கு வீண் பயம் கூடிட்டுது. அடுத்த நாளே கடைக்குப் போய்ப் புது அலாரம் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து, வேற இடமில்லாத மாதிரி இந்தச் சிங்குக்குப் பக்கத்தில, இந்தா, இதில பூட்டினார். ஏனெண்டு எனக்கு விளங்கேல்ல. நடையில ஒண்டு இருக்குத்தானே. அதோட இவரைச் சாமிப்படத்துக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டிச் சத்தியம் வாங்கினார், இனி வான் கராஜுக்குள்ள வரக் கூடாதெண்டு. இப்ப அது வெளியில பனிக்குள்ள நிக்குது, எஞ்சின் உறையாமல் இருக்க வயர் குத்தி வைச்சிருக்கு. பெயின்ற் வாளி, பெற்றோல் கான் எல்லாத்தையும் எடுத்து முத்தத்துக் கொட்டிலுக்குள்ள போட்டார். இவ்வளவு அடைச்ச கராஜ், ஒரு ஊசி போற ஓட்டையில்லை, பிறகேன் இந்தப் பயம்? சில ஆக்களுக்கு வயசு போகப் போக அப்பிடித்தான்.

காதும் மந்தமாகுது போல. முந்தி முணுமுணுத்துக் கதைச்ச மனுசன், இப்ப ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறார். கதிரையையும் இந்தச் சுவரோரமாக் கொண்டுவந்து போட்டிருக்கினம். அண்ணை, உன்ர கண் ஒப்பரேசன் எப்ப எண்டு கேப்பார். இவர் மெதுவாச் சொல்லுவார். என்ன, பதினெட்டாம் திகதி காலமை ஒம்பது மணிக்கோ எண்டு அந்தாள் திருப்பி உரக்கச் சொல்லுவார். உனக்குப் பயமா இருக்கோ எண்டு கேப்பார். ஓமடா, பயமாத்தான் இருக்கு, அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு இவர் சொல்லுவார். எனக்கு இவர் கண் ஒப்பரேசன் எண்டே சொல்லேல்ல, பாருங்கோ.

ஆனா இந்த முறை நான் ஒண்டும் தெரிஞ்ச மாதிரிக் காட்டேல்ல. இரவு பக்கத்தில போய் இருந்து, உங்களுக்குக் கண் எப்பிடி இருக்கு எண்டு மட்டும் கேட்டன். கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமோ? கனநேரத்துக்குப் பிறகு இவரே சொல்லத் தொடங்கினார். பதினெட்டாம் திகதி, பயம், எல்லாம். அப்பிடியோ, அப்பிடியோ எண்டு கேட்டன். ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். இப்ப கண் நல்லாத் தெரியுது. நான் மெலிஞ்சு போனன் எண்டு சொல்லுறார், முந்தி எப்பிடிப் பாத்தாரோ தெரியாது.

இன்னொண்டும் சொல்லவேணும். பஞ்சலிங்கத்துக்கு என்னில நல்ல மதிப்பு. முகத்துக்கு நேர ஆரும் எதையும் சொல்லுவினம். ஆள் இல்லாத இடத்தில சொல்லுறதுதானே மனசில இருக்கிறது? தினமும் அங்க இருந்து, மச்சாளின்ர கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது எண்டுறார். மச்சாள் இல்லாட்டி இந்த வீடு என்ன வீடு எண்டுறார். நான் இதெல்லாம் கேக்கிறன் எண்டு அந்தாளுக்குத் தெரியாது, அதுதான் இதில விசேசம். போன கிழமை ஒடியல் கூழ் குடிச்சு எத்தினை வருசமாச்சு எண்டு ஒரு பெருமூச்சு விட்டார். ஞாயித்துக்கிழமை தற்செயலாக் காய்ச்சிற மாதிரிக் காய்ச்சி வைச்சன். அதெப்பிடி மச்சாள், நான் மனசுக்குள்ள நினைச்சனான் எண்டு கன்னத்தில கைவைச்சுக்கொண்டு நிண்டார். பாவம், அப்பிடி ஒரு அப்பாவி.

ஸ்ஸ். கதை கேக்குது, சிங்குக் கதவை நான் திறந்தபடியே விட்டிட்டன். வாங்கோ, இஞ்சால வாங்கோ, குனியுங்கோ. தலகாணியில முழங்காலை வையுங்கோ. போத்தலை மெதுவாத் தள்ளுங்கோ.

கேக்குதோ?

"எங்கட மச்சாள் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினா ஒண்டையும் விடாமல் சொல்லுவா, அண்ணை. கேட்டுக்கொண்டே இருக்கலாம்."

பாத்தீங்களோ? நான் என்ன சொன்னனான்? எப்பவும் என்னைப் பற்றின கதைதான். இவர் சிரிக்கிறதும் கேக்குது, ஆட்டத்தில வெண்டிட்டார் போல. நீங்கள் ஏன் இப்பிடி முகமெல்லாம் சிவந்து போய் நிக்கிறியள்? கனநேரம் குனிஞ்சா எனக்கும் அப்பிடித்தான் வரும். தண்ணி குடிக்கிறியளோ? சரி, எழும்புங்கோ, போய்க் கராஜைப் பாப்பம். சப்பாத்துத் தேவையில்லை, நிலம் குளிராது. அங்க போய் இதில கதைச்சது ஒண்டையும் வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.